அரிவாள் பிடியில் எத்தனை பேர்?

எனக்கு என் வேலை நன்றாகத் தெரியும். இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. ஆய்வகத்தில் முதுகுக்குப் பின்னால் என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். சிக்கலான சாம்பிள் வந்துவிட்டால், ‘மேடம், இதை நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க’ என்று அவர்களேதான் வந்து நிற்பார்கள். இரண்டும் என் காதில் விழும். பின்னதற்காக முன்னதை மன்னித்துவிடுவேன்.

நான் பார்ப்பது கலப்பு மாதிரிகள். கத்திப் பிடியோ, கார் கதவோ, தோளில் போடும் துண்டோ, எதைத் தொட்டாலும் நம் தோலிலிருந்து கொஞ்சம் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒருவர் மட்டும் தொட்ட பொருள் என்றால் மெஷினே ஆளைச் சொல்லிவிடும், அதற்கு நான் தேவையில்லை. இரண்டு மூன்று பேர் கை பட்டதுதான் என் மேஜைக்கு வரும்.

கல்யாண வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு. டி.என்.ஏ.விலும் நாங்கள் பார்க்கிற ஒவ்வோர் இடத்திலும் ஆளுக்கு இரண்டு எண்கள்தான். ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. இப்படி இருபதுக்கு மேற்பட்ட இடங்களைப் பார்ப்போம். ஓர் இடத்தில் நாலு எண் இருந்தால் குறைந்தது இரண்டு ஆள் என்று அர்த்தம். எந்த எண்ணை எதோடு ஜோடி சேர்ப்பது என்பதில்தான் பாடு. ஒருவர் அழுத்திப் பிடித்து, இன்னொருவர் லேசாகத் தொட்டிருந்தால் பிரித்துவிடலாம். முன்னவர் எண்கள் வரைபடத்தில் உயரமாக நிற்கும். இரண்டு பேரும் சம அளவில் இருந்தால் பிரிக்க வழியில்லை. அப்போது, சந்தேகப்படுகிற ஆளின் எண்கள் அத்தனையும் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்போம். ஒன்றிரண்டு இல்லாமல் போனால் அந்த ஆளை விலக்கிவிடலாம். எல்லாம் இருந்தால் ‘விலக்க இயலாது’ என்று எழுதுவோம்.

அந்த அரிவாள் அப்படித்தான் வந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரை ஒரு காலையில் யாரோ பின்னாலிருந்து வெட்டிவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது. ஓடியது ஓர் ஆம்பளை என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அரிவாள் வரப்பில் கிடந்தது. தோப்பில் கூலிக்கு வரும் ஒரு புருஷன் பெண்டாட்டியுடையது அது. வேலை முடிந்ததும் மோட்டார் ரூமில் போட்டுவிட்டுப் போவார்களாம்.

கைதானது அவர்களுடைய மகன். குத்தகைக்காரர் அவன் அம்மாவை எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசியிருக்கிறார். கேள்விப்பட்டவன் போனில் கூப்பிட்டு, ‘கையை வெட்டிருவேன்’ என்று வைதிருக்கிறான். வெளியூரில் ஒரு பயிற்சி மையத்தில் தங்கிப் படித்து, போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் முடித்துவிட்டுக் கடைசிச் சரிபார்ப்புக்குக் காத்திருந்தவன் அவன். குற்றம் நிரூபணமானால் ஜெயில். வேலை எப்படியும் போச்சு.

இந்தக் கதையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். என் மேஜைக்கு வந்தது அரக்கு வைத்த ஒரு பொட்டலம், அவனுடைய ரத்தம், குத்தகைக்காரருடைய ரத்தம், ஒரு படிவம். அவ்வளவுதான். கதை கேட்டால் கண் கெட்டுப்போகும் என்பது என் கொள்கை. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று முன்கூட்டியே தெரிந்தால் வரைபடத்தில் பார்க்க நினைத்ததைத்தான் பார்ப்போம். அதனால் பொருள் யாருடையது, எங்கே கிடந்தது என்றெல்லாம் நான் கேட்டதே இல்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

அரிவாளின் மரப்பிடி ஆட்டம் கண்டிருந்ததால், மஞ்சள் சேலைத் துணியைக் கிழித்து அதில் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். அலகில் குத்தகைக்காரரின் ரத்தம் இருந்தது. பிடித்துணியில் அவர் இல்லை. அங்கே இரண்டு பேரின் கலப்பு, ஏறக்குறைய சம அளவில். கைதானவனின் எண்கள் பார்த்த இடமெல்லாம் இருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவனுடையதை எடுத்துவிட்டுப் பார்த்தால், மிச்ச எண்கள் இன்னோர் ஆளாகக் கச்சிதமாகப் பொருந்தின. ஆணுக்கு உரிய அடையாளம் ஒருவர் அளவுக்கே இருந்ததால் அந்த இன்னோர் ஆள் பெண் என்றும் தெரிந்தது.

ஒன்று மட்டும் இடித்தது. பல இடங்களில் நாலு எண்ணை எதிர்பார்த்தால் மூன்றுதான் இருந்தது. சில இடங்களில் இரண்டே. கலந்திருக்கும் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம் ஓடினால் ஒழிய இப்படி இருக்காது. என் வேலைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘உறவா?’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

வேறு ஊர்க்காரி என்றால் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். நான் ராஜபாளையத்துக்காரி. எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் அன்றாடம். என் அம்மா கட்டியதே அவளுடைய தாய்மாமனைத்தான். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் யாருக்கு யார் என்ன முறை என்று போடுவதற்குள் அச்சகத்துக்காரர் இரண்டு தடவை போன் பண்ணிவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவளுக்கு, ஒரு துணியில் இரண்டு பேர் எண்கள் ஒத்துப்போவது அதிசயமாகவா படும்? நம்ம ஊர் கேஸ்தானே, யாரோ சித்தி மகளாக இருக்கும் என்று போய்விட்டேன்.

குறைந்தது இருவர், குற்றம் சாட்டப்பட்டவரை விலக்க இயலாது என்று அறிக்கை எழுதினேன். உறவில்லாத யாரோ ஒருவர் இவ்வளவு தூரம் தற்செயலாகப் பொருந்துவது எத்தனை அரிது என்று காட்ட ஓர் எண் போடுவோம். அதையும் போட்டேன். வாய் பிளக்க வைக்கிற எண் அது.

அந்த எண் என்னென்ன வேலை பார்த்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். ‘நான் அந்த அரிவாளைத் தொட்டதே இல்லை’ என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். எங்கள் வீட்டு அரிவாள், எப்போதோ தொட்டிருப்பேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். உண்மையைச் சொன்னதால் அறிக்கையின் முன்னால் பொய்யனாகிவிட்டான். ஜாமீன் கேட்ட போதெல்லாம் அரசுத் தரப்பில் என் அறிக்கையைத்தான் நீட்டினார்கள். விசாரணை அதிகாரி வேறு அந்தப் ‘பெண்’ யார் என்று தேடக் கிளம்பி, அவனோடு பயிற்சி மையத்தில் படித்த ஒரு பெண் பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, இல்லாத காதலுக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்.

சாட்சி சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனேன். எனக்கு அங்கே டூட்டி விழுந்தால் ஆய்வகமே சந்தோஷப்படும். பால்கோவா வாங்கி வராமல் உள்ளே கால் வைக்க முடியாது. அன்றும் காலையிலேயே வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வராந்தா பெஞ்சில் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். சாட்சிக் கூண்டு எனக்குப் பயமில்லை. குறுக்கு விசாரணையில் என்னை மடக்கிய வக்கீல் அதுவரை யாருமில்லை.

நாலடி தள்ளி, தூணோரமாக ஒரு பெண் வக்கீலும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவும் நின்றிருந்தார்கள். அந்த அம்மா அழவில்லை. கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“எஞ்சேலையக் கிழிச்சு நாந்தான் சுத்துனேன். அவிய பிடிச்சு இறுக்குனாவ. எம்மவன் அதுக்குப் பொறவு ஊருக்கே வரலியே. அவன் கை எப்படி அதுல வரும்? யாரு எழுதுனா அப்படி?”

“அதை அந்த லேப் மேடத்துக்கிட்டதான் கேக்கணும்மா. மெஷின் சொல்லுதுங்காங்க” என்றார் வக்கீல்.

“எந்த மேடம்? அவுகளுக்குப் பிள்ளைகுட்டி இருக்கா?”

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். அவர் என்னைத் திட்டியது காரணமில்லை. சேலையைச் சுற்றியது அம்மா, இறுக்கியது அப்பா என்கிறார். அப்படியானால் அந்தத் துணியில் அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார். ஓரத்தில் பென்சிலால் நான் போட்ட கேள்விக்குறி அப்போதுதான் உறைத்தது.

சம்மன் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். ஓர் இடத்தில் அம்மாவுக்கு 11, 14 என்று வைப்போம். அப்பாவுக்கு 16, 18. இரண்டு பேரும் பிடித்த துணியில் நாலு எண்ணும் இருக்கும். மகனுக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. 14, 16 என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டும் துணியில் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த இடத்தைப் பார்த்தாலும் இப்படித்தான் வரும். அவன் தொட வேண்டிய அவசியமே இல்லை. பெற்றவர்கள் இருவரும் தொட்டால் போதும், பிள்ளை தொட்ட மாதிரியே தெரியும். மிச்சம் நிற்கிற 11, 18 யார்? நான் பெண் என்று கண்டுபிடித்த, அதிகாரி ஊரெல்லாம் தேடிய அந்த ஆள் யார்? யாருமே இல்லை. அந்தத் தம்பதி பெற்றுக்கொள்ளாத ஒரு பிள்ளை.

நேராக அரசு வழக்கறிஞரிடம் போனேன். தோள் கவுனைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டார்.

“மேடம், இன்னைக்கு வந்து இப்படிச் சொன்னா எப்படி? ரிப்போர்ட்ல இருக்கறத மட்டும் சொல்லிட்டு இறங்குங்க. மத்ததை எதிர்த்தரப்பு கேட்டா பாத்துக்கிடலாம்.”

“எதிர்த்தரப்புக்கு இதைக் கேக்கத் தெரியாது சார். தெரியவேண்டியது எனக்கு. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது.”

“ஒங்க பேருதான் கெடும்.”

“என் பேரை நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். எனக்கு அவர்மேல் கோபமே வந்திருக்கக் கூடாது. வந்தது. பாதி என்மேல் வர வேண்டிய கோபம்.

கூண்டில் ஏறியதும் படிப்பு, அனுபவம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “அரிவாளின் பிடியில் எதிரியான இவருடைய டி.என்.ஏ. இருந்தது, சரிதானே?” என்றார் அரசு வழக்கறிஞர்.

“அப்படிச் சொல்ல முடியாது” என்றேன்.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். விளக்கச் சொன்னார். நான் சம்மன் தாளில் எழுதியதை அப்படியே சொன்னேன். இருவருக்கும் உறவு இருக்கலாம் என்று என் வேலைத்தாளில் குறித்ததையும், அதை அறிக்கையில் சேர்க்காமல் விட்டதையும் சொன்னேன். அறிக்கையில் இருக்கிற பெரிய எண் உறவில்லாதவர்களுக்கான கணக்கு, பெற்றவர்கள் தொட்டிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது, அவர்களின் ரத்தம் கிடைத்தால் திரும்பப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். குரல் நடுங்கவில்லை. தப்பு என்னுடையது என்றாலும் விஷயம் எனக்குத் தெரியும் அல்லவா?

பெண் வக்கீல் அங்கேயே எழுந்து மனுக் கொடுக்கிறேன் என்றார். பின்வரிசையில் அந்த அம்மாவும் அப்பாவும் எழுந்து நின்றார்கள். சம்மதமா என்று நீதிபதி கேட்டார். அதற்குள் அரசு வழக்கறிஞர் திரும்பி, “பெரியவரே, யோசிச்சுச் சொல்லுங்க. பிடியில ஒங்க கைதான்னு வந்தா கேஸ் ஒங்க பக்கம் திரும்பும்” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

அந்த மனிதர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“திரும்பட்டும்யா. எங்கைதான அது? அவன் கைன்னு எழுதுனதுக்கு எங்கைன்னே எழுதட்டும்.”

“எனக்கும் எடுங்க” என்றார் அந்த அம்மா.

நான் கூண்டிலிருந்து இறங்கினேன். வலது பக்கம் போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்ற மகன் தலையைக் குனிந்துகொண்டான். பை கனக்கிறதே என்று பார்த்தால் பால்கோவா. ஆய்வகத்தில் அதை யாரிடம் கொடுத்தேன் என்று ஞாபகமில்லை.

இருவரின் ரத்தமும் வந்தது. இந்தத் தடவை எதற்கு என்று சொல்லாமல், சக ஊழியர் ஒருவரிடமும் அதே வரைபடத்தைக் கொடுத்துத் தனியாகப் பார்க்கச் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விடை. துணியில் இருந்த எண்கள் எல்லாம் அந்த அம்மாவோடும் அப்பாவோடும் தீர்ந்துபோயின. ஒன்றுகூட மிச்சமில்லை. பல இடங்களில் எண்கள் குறைந்ததற்கும் காரணம் கிடைத்தது. அவர் கட்டியது தன் அக்கா மகளை, என் அப்பா கட்டிய மாதிரியே.

இரண்டாம் தடவை கூண்டில் ஏறியபோது பெண் வக்கீல் உற்சாகமாகக் கேட்டார், “அப்படியென்றால் இவர் அரிவாளைத் தொடவே இல்லை, அப்படித்தானே?” அதற்கும் இல்லை என்றேன். தொட்டதற்கு இந்தத் துணியில் ஆதாரம் இல்லை, தொடவில்லை என்று நிரூபிக்கவும் இந்தத் துணியால் முடியாது. வெட்டியவன் கையில் எதையாவது சுற்றியிருந்தால் என் மெஷினுக்கு அவன் இல்லவே இல்லை. இரண்டு தரப்புக்கும் என்மேல் எரிச்சல். எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

அவனுக்கு ஜாமீன் முதல் சாட்சிக்குப் பிறகே கிடைத்துவிட்டது. சில மாதங்களில் விடுதலையும் ஆனான். நடுவில் அவன் அப்பாவை இரண்டு நாள் விசாரித்தார்கள். வெட்டு விழுந்த காலையில் அவர் ஆலங்குளம் பக்கம் கல் லாரிக்கு லோடு ஏற்றப் போயிருக்கிறார்; அங்கே ஒரு நோட்டில் அவர் கையெழுத்து இருந்தது. கோர்ட்டில் ரத்தம் எடுங்கள் என்று நின்றபோது அந்தக் கையெழுத்து அவருக்கே நினைவில்லையாம். வெட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் படிவத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. பொருள் யாருடையது, வீட்டில் யார் யார் புழங்கினார்கள் என்று கேட்கிற வரி. அதைச் சேர்க்க நான் போட்ட சண்டையில் இரண்டு மேலதிகாரிகள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பதிலை வேறொருவர் வாங்கி வைத்துக்கொள்வார். நான் வரைபடத்தைப் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதைப் பிரிப்பேன். என் கொள்கைக்கும் பங்கமில்லை, தப்பும் திரும்ப நடக்காது. சரியான ஏற்பாடு என்று எந்த ஊரிலும் எழுந்து நின்று சொல்வேன்.

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு வழக்கை முடித்துவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். மத்தியான வெயில், பாதி சீட் காலி. எனக்கு முன் சீட்டில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மா.

“லேப் மேடம்தான? எம்மவன் கேஸுக்கு வந்தியளே.”

ஆமாம் என்றேன். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

“மில் வேன் ஓட்டுதான். போலீசு வேலைக்கு வயசு தாண்டிருச்சு” என்றார். பிறகு அவரே, “ஒண்ணு கேக்கணும் மேடம். அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு முழுசா வெளங்கல. எங்க ரெண்டு பேருக்கிட்ட இல்லாதது அவன்கிட்ட ஒண்ணுமே இல்லன்னா சொன்னிய?”

“ஆமாம்மா. ஒண்ணுகூட இல்ல.”

“இதுக்கா அம்புட்டுப் பெரிய மெஷினு? எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே.”



“கேட்டிருக்கணும்மா. நான் கேக்கல. தப்பு என்னோடதுதான்” என்றேன்.

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. மடியில் இருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டு, “ஒம்பது மாசம் உள்ள இருந்தான் மேடம்” என்றார்.